படகில் ஆண்டாளுக்கு ஓர் இடம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டித் திருவண்ணாமலை ரோட்டில் என் பஞ்சர் கடை இருக்கிறது. சுற்றிலும் மலை, மலை முழுக்கப் பாறை, பாறைமேல் கோட்டை. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு படகுக்கு ஒட்டுப் போடுகிறேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். கோட்டை பார்க்க வந்து டயர் கிழிந்து நின்ற ஒருவர், கடை மூலையில் சாய்த்து வைத்திருந்த துடுப்பைப் பார்த்துவிட்டு, "இங்க எங்கங்க கடல் இருக்கு?" என்று கேட்டார். கடல் இல்லை ஐயா, ஏரி இருக்கிறது. ஏரி இருந்தால் மீன் இருக்கும், மீன் இருந்தால் படகு இருக்கும், படகு இருந்தால் ஓட்டையும் இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

இந்த வேலையில் என்னை இழுத்துவிட்டவர் பச்சைமுத்து அண்ணன். மேல்மலையனூர் போகும் வழியில் இருக்கும் பெரிய ஏரியில் மீன் பிடித்தவர். உடைந்த கார் பம்பருக்கு நான் ஃபைபர் வைத்து ஒட்டுவதை ஒரு நாள் நின்று பார்த்தார். "டேய் சங்கரு, டியூப்புல காத்து வெளிய போவுது, படகுல தண்ணி உள்ள வருது. ரெண்டும் ஓட்டதானே? வா" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து ஏரிக்காரர்களின் படகுகளுக்கு நான்தான் வைத்தியன். எனக்கு நீச்சல் தெரியாது, படகில் ஏறினால் வயிற்றைப் புரட்டும் என்பதையெல்லாம் யாரும் கேட்கவில்லை.

பச்சைமுத்து நெஞ்சு வலியில் போய்ச் சில வருஷம் ஆகிறது. ஒரே மகளும் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் இப்போது இரண்டு பெண்கள். ஒருத்தி அவர் மனைவி மீனம்பாள், இன்னொருத்தி அவருடைய தங்கை ஆண்டாள். நான் சொல்ல வந்தது ஆண்டாளைப் பற்றித்தான்.

ஆண்டாளைத் தொண்டூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கட்டியவன் இன்னொருத்தியோடு பெங்களூருக்குப் போனான், போனவன் போனவன்தான். மாமியார் வீட்டில் கொஞ்ச நாள் பார்த்தார்கள். பிறகு, "உங்க அண்ணன் வூட்டுக்குப் போய்ட்டு வாம்மா" என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். அந்த 'வா'வை ஆண்டாள் நம்பவில்லை. தன் பாத்திரங்களை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினாள்.

அண்ணன் வீட்டுக்கு வந்த அன்றே பின்பக்கத்தில் தனக்கென்று ஓர் அடுப்பு வைத்தாள். ஒரே கூரை, இரண்டு அடுப்பு. யாரும் அவளைத் தனியாக வைக்கவில்லை, அவளாகவே வைத்துக்கொண்டாள். நாற்று நட்டாள், மல்லாட்டை பிடுங்கிக் கடலை ஆய்ந்தாள், கட்டட வேலையில் கலவை தூக்கினாள், நூறு நாள் வேலைக்குப் போனாள். உழைத்ததைத் தின்றாள். உழைக்காத அன்று தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். இந்த வைராக்கியத்தைப் பார்த்து எனக்கு மதிப்பு வந்ததைவிட எரிச்சல் வந்ததுதான் அதிகம். என் வீட்டுக் காதுகுத்துக்கு வந்தவள், எல்லோரும் பந்தியில் உட்காரும்போது நேராகக் கொல்லைப்பக்கம் போய் இரண்டு அண்டாவைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு வந்துதான் இலைமுன் உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா, எங்க வூட்டு சோறு இன்னா கசக்குமா?" என்று கேட்டேன்.

"சும்மா துன்னா கசக்கும் சங்கரு" என்றாள். சொல்லிவிட்டு இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அண்டா துலக்கிய உரிமை.

அப்படிப்பட்டவளை முழங்கால்கள் கைவிட்டன. குந்தினால் எழ முடியாது, எழுந்தால் குந்த முடியாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் கூப்பிடுகிறவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அந்த நாட்களில் மீனம்பாள் தட்டில் சோறு போட்டுக்கொண்டுபோய்ப் பின்கட்டில் வைப்பாள். ஆண்டாள் அதன்மேல் இன்னொரு தட்டைப் போட்டு மூடி, அப்படியே முன்கட்டில் கொண்டுவந்து வைப்பாள். வாய்ச்சண்டை என்றால் யாராவது சமாதானம் செய்து வைக்கலாம். மூடிய தட்டோடு யார் சண்டை போடுவது? மீனம்பாள் என் கடைக்கு வந்து அழுதிருக்கிறாள். "எம் புருசன் தங்கச்சி என் கண்ணெதிர்ல பட்டினி கெடக்குறா தம்பி. நான் எப்டி துன்றது?"

அப்போதுதான் படகு ஒழுக ஆரம்பித்தது.

அது சின்ன ஃபைபர் படகு. அடி தட்டையாக இருக்கும், மூக்கு கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும். பச்சைமுத்து இருந்தவரை அவர் வலை போடுவார், மீனம்பாள் துடுப்புப் போடுவாள். அவர் போனபின் இரண்டையும் அவள் ஒருத்தியே செய்தாள். ஒரு நாள் வலை ஏதோ வேரில் மாட்டிக்கொண்டது. இழுக்க இன்னொரு கை வேண்டும் என்று ஆண்டாளை ஏற்றிக்கொண்டு போனாள். மூக்குப் பக்கம் இருக்கும் பலகையில், மீனம்பாளைப் பார்த்தபடி ஆண்டாள் உட்கார்ந்தாள். வலையை விடுவித்துவிட்டுக் குனிந்து பார்த்தால் இரண்டு பேர் பாதமும் தண்ணீரில் கிடக்கிறது. படகில் கிடந்த வெட்டிய பாமாயில் கேனை எடுத்து ஆண்டாள் இறைக்க ஆரம்பித்தாள். கரை வந்து சேரும்வரை நிறுத்தவில்லை.

"நான் இல்லனா இன்னிக்கு முழுவி இருப்ப அண்ணி" என்றாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது என்று மீனம்பாள் சொன்னாள்.

ஏரியில் மீன் பிடிப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. படகில் கால் வைத்தவருக்குப் பங்கு உண்டு. கரையில் நின்றவர் கூடப்பிறந்தவராக இருந்தாலும் பங்கு கேட்கக் கூடாது. அன்றைக்கு ஆண்டாளுக்கு முதல் பங்கு கிடைத்தது. மறுநாள் மீனம்பாள் கூப்பிடுவதற்கு முன்பே கேனோடு கரையில் நின்றாள். பின்கட்டு அடுப்பு மறுபடி எரிந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. ஆரம்பத்தில் இரண்டு தடவை போய், தண்ணீர் ஊறுகிற நடுப்பகுதியில் ஒட்டுப் போட்டேன். நிற்கவில்லை. அடுத்த நாளே, "இன்னா சங்கரு, உன் ஒட்டு தண்ணியப் பாத்து பயந்துடுச்சா?" என்று ஆண்டாள் கடை வாசலிலேயே கேட்டாள். நான் போட்ட ஒட்டு நிற்கவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று நானே கேட்டும், மீனம்பாள் ஐப்பசிக்குப் பிறகு பிடிகொடுக்கவில்லை. "வுடு தம்பி, பாத்துக்கலாம்" என்பாள். படகு ஒழுகுகிறது, ஆள் பார்த்துக்கலாம் என்கிறாள், இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் புயல் மழை கொட்டியது. ஏரி நிரம்பிக் கோடி வழியாக வழிந்தது. அதுவரை படகு முழுகினாலும் மார்பளவுத் தண்ணீரில் நடந்து கரை சேரலாம். இப்போது நீளக் கம்பை விட்டாலும் தரை தட்டவில்லை. ஆண்டாளுக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் வேறு மடங்காது. தை அமாவாசைக்குக் கொஞ்சம் முன்னால் மீனம்பாள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"படகு அடைக்கணும் தம்பி. அமாவாசையன்னிக்கு வந்துடு."

"அமாவாசையா? எல்லா வண்டியும் மலையனூரு அம்மன் கோயிலுக்குப் போற நாளாச்சேக்கா. எனக்கு அறுவடையே அன்னிக்குத்தான்."

"எனக்குப் படகு சும்மா கெடக்குறதும் அன்னிக்குத்தான். அமாவாசையில எவன் மீனு வாங்குறான்?"

காலையில் வந்து மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று ஒத்துக்கொண்டேன். எழுந்தவள் போகவில்லை. ஒரு டயரைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"தம்பி, ஓட்டைய அடைச்சிடு. ஆனா ஆண்டாளு படகவுட்டுப் போவக் கூடாது."

எனக்கு அப்போதுதான் மூளையில் ஏறியது. ஓட்டை இருந்தால் உயிருக்கு ஆபத்து. ஓட்டை போனால் இறைக்கத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையென்றால் ஆண்டாளுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அவள் படகில் கால் வைக்க மாட்டாள், பங்கையும் தொட மாட்டாள். மறுபடியும் அந்த மூடிய தட்டு.

"ஓட்ட அடைக்கிறது என் வேலக்கா. ரெண்டாவது சொன்னது பஞ்சர் கடையில செய்றது இல்ல" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன்.

அமாவாசையன்று விடிந்ததும் போனேன். படகைக் கரையேற்றி, கழுவித் துடைத்து, நான் கொண்டுபோயிருந்த நாலு பழைய லாரி டயரின்மேல் தூக்கி வைத்தோம். டியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கினால் குமிழி வரும், ஓட்டை தெரியும். படகுக்கு அதைத் திருப்பிப் போட வேண்டும். உள்ளே ஒரு சாண் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடிப்பக்கம் முழுக்கச் சுண்ணாம்புத் தூளைத் தடவிவிட்டுக் காத்திருப்போம். பெரிய ஓட்டை உடனே சொட்டும். மெல்லக் கசிகிற ஓட்டை அப்படிச் சொட்டாது. எங்கேயாவது ஓர் இடத்தில் தூள் நனைந்து கருக்கும். அந்தக் கருப்புக்காக மல்லாந்து படுத்துக் காத்துக் கிடக்க வேண்டும்.

கிடந்தேன். ரோட்டில் மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பஸ்ஸுக்குப் பின்னாலும் எனக்கு வர வேண்டிய பஞ்சர்கள் போவதாகவே தோன்றியது. வெயில் ஏறியது. தூள் தூளாகவே இருந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"இன்னா சங்கரு, படகு நிழலு குளுகுளுன்னு இருக்குதா?" என்றாள் ஆண்டாள். கரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், மடியில் பாமாயில் கேன்.

"ஓட்டையே இல்லக்கா. படகு நல்லா இருக்குது. நீங்கதான் யாரோ மொண்டு ஊத்துறீங்க" என்றேன் எரிச்சலில்.

சும்மா சொன்னதுதான். ஆனால் மீனம்பாள் முகம் மாறிவிட்டது. ஆண்டாள் அந்தப் பக்கம் திரும்பி, "டீ வாங்கியாரேன், கடுப்புல இருக்குறான்" என்று கையை ஊன்றி எழுந்தாள். ரோட்டோரக் கடைக்கு மெதுவாக நடந்துபோனாள். அவள் மேடேறும்வரை பார்த்துக்கொண்டிருந்த மீனம்பாள் என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன். வெளிய வுட்றாத."

"வக்கீல்கிட்டயும் டாக்டர்கிட்டயும் மறைக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. பஞ்சர்காரன்கிட்டயும் மறைக்கக் கூடாதுக்கா."

"நான் தனியா போனா படகு ஒழுவுறது இல்ல."

ஐப்பசியில் ஆண்டாளுக்குக் காய்ச்சல் வந்ததாம். மீனம்பாள் தனியாகப் படகெடுத்துக்கொண்டு போனாள். இறைக்க ஆள் இல்லையே என்று பயந்து பயந்து குனிந்து பார்த்தால், படகுக்குள் காய்ந்து கிடக்கிறது. வலை போட்டு, எடுத்து, திரும்பும்வரை ஒரு சொட்டு இல்லை. சாயங்காலம் கரை கண்ணுக்குத் தெரிந்தபோது, அங்கே போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆண்டாள் நிற்கிறாள். காய்ச்சலோடு எழுந்து வந்திருக்கிறாள், படகு என்ன ஆச்சோ என்று.

"காஞ்ச படக அவ பாத்துட்டான்னா அவ்ளோதான் தம்பி. 'நான் வேணாம்'னுதானே அவளுக்கு அர்த்தம் ஆவும்? மறுநாள்லேருந்து வரவே மாட்டா. எனக்குக் கையி காலு ஓடல. தூரத்துல தானே இருக்கறான்னு, கேன எடுத்து நானே ஏரித் தண்ணிய மொண்டு மொண்டு உள்ள ஊத்திட்டேன்."

"அப்புறம்?"

"கரைக்கு வந்ததும், 'ரொம்ப வந்துச்சா அண்ணி?'ன்னு கேட்டா. 'நீ இல்லாம திண்டாடிட்டேன்டி'ன்னு சொன்னேன். ஒடம்பு அனலா கொதிக்குது, அப்டியே கேன வாங்கி எறைச்சா."

நான் படகுக்கு அடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். ஏரிக்கு நடுவில் ஒருத்தி தன் படகுக்குள் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டாள் என்பதை நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. நல்லவேளையாகக் கண்ணில் சுண்ணாம்புத் தூள் இருந்தது, அதன்மேல் பழியைப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் ஓட்டை எங்கே என்பதும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நான் காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. தண்ணீரை வடித்து, படகை மறுபடி ஏரியில் இறக்கினோம். மீனம்பாளைப் பின்பக்கம் உட்கார வைத்தேன். மூக்கு மேலே தூக்கி நின்றது. தண்ணீர் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். டீயோடு வந்த ஆண்டாளிடம், "அக்கா, ஏறி உன் எடத்துல உக்காரு" என்றேன். அவள் ஏறி உட்கார்ந்ததும் மூக்கு நாலு விரற்கடை கீழே இறங்கியது. அங்கே இன்னொரு கோடு போட்டேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில், மூக்கின் நடு நெற்றியில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் அடையாக ஏறிப்போன பொட்டு.

வெள்ளிக்கிழமை தவறாமல் ஆண்டாள் வைக்கும் பொட்டு அது. பழையதைக் கழுவாமல் அதன்மேலேயே புதியதை அப்புவாள். நானும் எத்தனையோ தடவை படகைத் தடவித் தடவிப் பார்த்தவன்தான். சாமி இருக்கும் இடம் என்று அந்த இடத்தில் மட்டும் கை வைத்ததில்லை.

"இத தொடைக்கணும்" என்றேன்.

"வேணாம் சங்கரு" என்றாள் ஆண்டாள். குரலில் கேலி இல்லை. "பொட்ட அழிக்காத. எங்க வூட்ல அண்ணிக்கு அழிச்சது போதும்."

பிறகு மீனம்பாள் பின்பக்கத்திலிருந்து இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் சுற்றி வந்தாள். "நானே தொடைக்கிறேன் ஆண்டாளு. தொடைச்சிட்டு நீயே புதுசா வெப்ப" என்று சொல்லி, முந்தானையை நனைத்து மெல்ல மெல்லத் துடைத்தாள். அடியில் தெரிந்தது. எட்டுக் கால் பூச்சி மாதிரி நடுவிலிருந்து நாலா பக்கமும் ஓடிய மயிரிழை வெடிப்பு. வெடிப்புக்குள்ளெல்லாம் குங்குமம் இறங்கிச் சிவப்புக் கோடாக இருந்தது. மூக்கு தண்ணீரில் முங்கும்போது தண்ணீர் அங்கே நுழைகிறது, தளத்துக்கு அடியிலேயே ஓடி நடுவில் வந்து ஊறுகிறது. நான் ஊறுகிற இடத்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தலைவலிக்குக் காலில் தைலம் தேய்த்த கதை.

"இதுல எவன் சம்மட்டியால அடிச்சது?" என்றேன்.

ஆண்டாள்தான் சொன்னாள். "சம்மட்டி இல்ல. தேங்கா."

படகு ஒழுக ஆரம்பிக்கும் முன் வந்த ஆயுத பூஜைக்குப் படகுக்கும் பூஜை போட வேண்டும் என்று அவள்தான் ஆசைப்பட்டிருக்கிறாள். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைக்கக் கல்லைத் தேடினாள். ஏரிக்கரையில் களிமண்தான். படகுக்கு உடைக்கிற தேங்காயைப் படகிலேயே உடைத்தால் என்ன என்று மூக்கில் ஓங்கி ஒரு போடு போட்டிருக்கிறாள். முற்றிய தேங்காய், ஒரே அடியில் உடையவில்லை. இன்னும் இரண்டு போட்டிருக்கிறாள்.

"மூணு பக்கமும் மலைய வெச்சிக்கினு, செஞ்சியில தேங்கா ஒடைக்கக் கல்லு கெடைக்கலியாக்கா உனக்கு?" என்று கேட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியைப் பற்றியும் ஏதோ சொன்னேன். எந்த நாளாக இருந்தாலும் அதற்குப் பத்துப் பதில் வைத்திருப்பாள். அன்று சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தாள், தான் உட்கார்ந்திருந்த பலகையைப் பார்த்தாள். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் ஏறினால்தான் தண்ணீர் வருகிறது. அவள் இறங்கினால் படகுக்கு ஒரு குறையும் இல்லை.

பாமாயில் கேனைப் பலகையில் வைத்தாள். பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"அடைச்சிடு சங்கரு. நல்லா அடைச்சிடு" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். டீ ஆறிப்போய்க் கிடந்தது.

அன்றைக்கு நான் செய்த வேலையைப் போல என் வாழ்நாளில் ஒரு வேலையை வெறுத்துச் செய்ததில்லை. படகை மறுபடி கரையேற்றி, வெடிப்பைச் சுரண்டிப் பள்ளமாக்கினேன். குங்குமம் தூளாக உதிர்ந்து கையெல்லாம் சிவப்பானது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஃபைபர் துணியை வட்டமாக வெட்டி, ரெசினைக் கலக்கி, உள்ளே ஒரு அடுக்கு வெளியே இரண்டு அடுக்கு வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் பிரஷ்ஷால் குத்திக் குத்தி உட்காரவைத்தேன். ஒட்டு இரும்பாக நின்றது. எந்த ஒட்டாவது நிற்காமல் போக வேண்டும் என்று நான் நினைத்தது அந்த ஒரு தடவைதான். மீனம்பாள் கடைசிவரை பக்கத்தில் நின்றாள்.

அன்று மத்தியானம் அவள் பின்கட்டில் வைத்த தட்டு, மூடியபடி முன்கட்டுக்கு வந்துவிட்டதாம்.

மறுநாள் ஒட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். ஆண்டாள் எனக்கு முன்பே வந்திருந்தாள். சின்னக் கிண்ணத்தில் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து, என் ஒட்டின்மேல் புதுப் பொட்டு வைத்தாள். "பொட்டு இல்லாம போவக் கூடாதுல்ல, அதான் வந்தேன்" என்றாள். வைத்துவிட்டுக் கரைக்கு வந்து நின்றுகொண்டாள்.

"ஏறு ஆண்டாளு" என்றாள் மீனம்பாள்.

"எதுக்கு? தண்ணி வராத படகுல எனக்கு இன்னா வேல? சும்மா குந்திக்கினு வந்து பங்கு வாங்கவா? நீ போ அண்ணி."

மீனம்பாள் கெஞ்சவில்லை. துடுப்பை எடுத்துக்கொண்டு ஏறி, தள்ளிக்கொண்டு போனாள். கரையிலிருந்து ஒரு கல்லெறி தூரம் போனதும், படகு இடப்பக்கம் திரும்பியது. நேராக்கினாள், மறுபடி திரும்பியது. காற்று கொஞ்சம் இருந்தது, தூக்கிய மூக்கைக் காற்று தள்ளத்தான் செய்யும். ஆனால் படகு ஒரே இடத்தில் செக்கு மாடு மாதிரிச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சுற்றியபடியே மீனம்பாள் கத்தினாள்.

"ஏ ஆண்டாளு! முன்னாடி கனம் இல்லாம படகு நிக்க மாட்டுதுடி! நீ குந்துனாதான் நேரா போவும்!"

எனக்கு ஒரு நிமிஷம் பயமாகிவிட்டது. ஆண்டாளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணன் இருக்கும்போதே இருவது வருசமா துடுப்பு போட்டவ" என்று என்னிடம் சொன்னாள். பிறகு தண்ணீர் ஓரமாகப் போய் நின்று குரல் கொடுத்தாள். "போதும் அண்ணி! தல சுத்தப் போவுது. கரைக்கு வா!"

படகு நூல் பிடித்த மாதிரி நேராகக் கரைக்கு வந்தது.

"பாத்தியா, இப்ப மட்டும் நேரா வருது" என்றாள் ஆண்டாள். மீனம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். "உனக்கு நடிக்கவும் வரல, பொய் சொல்லவும் வரல அண்ணி. அன்னிக்குத் தண்ணி, இன்னிக்குத் துடுப்பு."

"என்னிக்கு இன்னா தண்ணி?"

"எனக்கு ஜுரம் வந்த அன்னிக்கு. நீ திண்டாடிட்டேன்னு சொன்னியே, அந்தத் தண்ணியில செகப்பா விரால் குஞ்சு ஓடிச்சி. நூலு கணக்கா, ஒரு கூட்டமே ஓடிச்சி. அது வலையில நிக்காது. ஒழுவுற தண்ணியில வராது. மொண்டு ஊத்துனாதான் வரும்."

மீனம்பாள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சுமாடி இத்தினி நாளா எறைச்ச?"

ஆண்டாள் புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மடங்காத காலை ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்து, படகின் மூக்கைப் பிடித்து ஏறினாள்.

"எறைக்காம? நீ எனக்காக மொண்டு ஊத்துன தண்ணி அண்ணி அது. அத நான் எறைக்காம வேற எவ எறைப்பா?"

அழுதது மீனம்பாள்தான். ஆண்டாள் அதைக் கவனிக்காத மாதிரி கையை நீட்டினாள். "குந்திக்கினே அழுவாத. துடுப்பக் குடு, நான் போடுறேன். கேனப் புடிச்சு புடிச்சு என் கையி நல்லா முறுக்கேறி கெடக்குது. நீ வலையப் பாரு. சும்மா பங்கு வாங்க மாட்டேன்."

படகு கிளம்பியது. ஆண்டாள் உட்கார்ந்த கனத்தில் மூக்கு இறங்கி, புதுப் பொட்டும் அதன் அடியில் என் ஒட்டும் தண்ணீருக்குள் போயின. நான் அவர்கள் நடு ஏரிக்குப் போய்ச் சேரும்வரை கரையிலேயே நின்றேன். யாரும் குனிந்து தண்ணீர் இறைக்கவில்லை.